நாற்காலிக்கு விதி உண்டா?

ஊராட்சி மன்ற அலுவலகத்தில் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன என்று கேட்டால், இருப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொல்லிவிடுவார்கள். கால் ஒடிந்தது எது, கை ஒடிந்தது எது என்பதுகூட அதில் இருக்கும். அவற்றில் அமர்ந்தவர் யார், அமர விடப்படாதவர் யார் என்று கேளுங்கள், ஏடு ஊமையாகிவிடும்!

கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில் அந்த ஊமை ஏட்டுக்குப் பதிலாக ஒரு நிழற்படம் பேசிற்று. 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவிய அப்படத்தில், மற்றவர்கள் நாற்காலிகளில் வீற்றிருக்க, மக்கள் வாக்களித்துத் தலைவராக்கிய ஆதிதிராவிடப் பெண்மணி தரையில் அமர்ந்திருந்தார். கொடியேற்றும் உரிமையும் தமக்கு மறுக்கப்பட்டது என்றார் அவர். படத்திற்குரிய கூட்டம் நடந்ததோ அதற்குச் சில திங்களுக்கு முன்பு. படம் வெளிவந்த பிறகே வழக்குப் பதிவாயிற்று. ஊராட்சிச் செயலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார், கைதும் செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. என் கேள்வி வேறு. அத்தகைய கூட்டத்துக்குள் ஏட்டோடும் எழுதுகோலோடும் நுழையும் ஓர் ஊழியர், அக்காட்சியைக் கண்ட கணமே என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குரிய நடத்தை விதி கற்றுக்கொடுக்கிறதா?

நடத்தை விதிகள் எதைக் கற்றுக்கொடுக்கின்றன என்பதைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கான 1973ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்கொள்வோம்; மைய அரசின் 1964ஆம் ஆண்டு விதிகளையும் எடுத்துக்கொள்வோம். பரிசு வாங்குவது, கடன் கொடுப்பது, கடன் படுவது, வாணிகம் செய்வது, வீடு நிலம் வாங்குவது, அரசியலில் இறங்குவது, முதல் மனைவி இருக்க மறுமணம் புரிவது என ஒவ்வொன்றுக்கும் தனி விதி. இன்ன பிரிவினர் இன்ன தொகைக்கு மேல் பரிசு பெற்றால் தெரிவிக்க வேண்டும் என்று ரூபாய்க் கணக்கே உண்டு. நன்று, இலஞ்சம் ஒழிய அதுவும் வேண்டும். ஆனால் மனிதனை மனிதன் மதிப்பது என்ற இடத்துக்கு வந்ததும், ரூபாய்க் கணக்குப் பார்த்த அந்தப் பேனா தயங்குகிறது. 'ஊழியர்க்கு ஒவ்வாத செயலைச் செய்யலாகாது' என்று பொதுச் சொல்லைப் போட்டுவிட்டு நகர்கிறது. எது ஒவ்வாதது? சாதியை ஒழுங்கு என்றே நம்பி வளர்ந்தவருக்கு, தலைவரைத் தரையில் கண்டால் மனம் உறுத்துமா? நாற்காலியில் கண்டால்தான் உறுத்தும்!

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உத்தரப் பிரதேசம் 1956லேயே தன் ஊழியர் விதிகளில் ஒன்றை இதற்கென ஒதுக்கிற்று: சாதி சமயம் பாராது அனைவரையும் சமமாக நடத்த வேண்டும், எவ்வடிவிலும் தீண்டாமையைக் கடைப்பிடிக்கலாகாது. மைய அரசும் 2014இல் தன் விதிகளைத் திருத்தி, பொதுமக்களிடம், சிறப்பாக நலிந்த பிரிவினரிடம், பொறுப்புணர்வோடு நடக்க வேண்டும் என்று சேர்த்தது. நல்ல சொற்கள். ஆயினும், செய்யாதே என்பதிலும் பொறுப்போடு இரு என்பதிலும் நின்றுவிட்ட சொற்கள். செய்யத் தவறியதைக் காட்டி ஒருவரைக் கேள்வி கேட்க வேண்டுமானால், செய்ய வேண்டியது இன்னது என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

அந்தப் பாடத்தைச் சட்டம் ஒருமுறை கற்றுக்கொண்டது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசுப் பணியாளருக்குத் தண்டனை என்றது. எந்தக் கடமை? அது விளக்கவில்லை. விளக்காத இடத்தில் தப்பிக்க வழி தாராளமாக இருந்தது. 2015இல் நிறைவேறி 2016 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சந்துகளை அடைத்தது: புகாரைப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவது, பதிவு செய்வது, படி கொடுப்பது என்று கடமைகளை அடுக்கி எழுதிற்று. ஊராட்சித் தலைவராயுள்ள ஆதிதிராவிடரையோ பழங்குடியினரையோ தம் பணியைச் செய்யவிடாமல் தடுப்பது குற்றம் என்றும் அதே திருத்தம் வெளிப்படையாகச் சொன்னது. குற்றச் சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்தபின், நடத்தை விதி மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

'சட்டம்தான் இருக்கிறதே, விதி எதற்கு?' என்பர் சிலர். சட்டம் வருவது படம் பரவிய பின், காவலர் வந்த பின். விதியோ நாள்தோறும் காலையில் அலுவலகம் திறக்கும்போதே உடன் வரவேண்டியது.

இன்னொரு மறுப்பை நான் எளிதில் தள்ள மாட்டேன். ஊராட்சி ஊழியர் எளியவர். பலர் அவ்வூரார், அல்லது பக்கத்து ஊரார். ஊரின் ஆதிக்கக்காரரை எதிர்த்து நாற்காலி எடுத்துப் போட்டால், மறுநாள் அவர் தெருவில் நடக்க வேண்டாமா? உண்மை. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும் என்ற ஏற்பாட்டில், துணைத் தலைவர் முறுக்கிக்கொண்டால் தெருவிளக்கும் எரியாது, குழாயிலும் நீர் வராது. அந்த இடுக்கில் நிற்பவர் செயலர். ஆகவே கடமையை மட்டும் அவர் தலையில் கட்டிவிட்டுக் காப்பை மறந்தால், அதுவும் பழைய விதியின் தம்பியே. (பள்ளியிலும் இதைக் காண்கிறேன்: புகார் சொன்ன மாணவனைப் பாதுகாக்காத வகுப்பில் இரண்டாவது புகார் வருவதில்லை!)

என்ன எழுதலாம்? நடவடிக்கைப் புத்தகத்தில் வருகைப் பெயர்களோடு, தலைவர் தலைவருக்குரிய இருக்கையில் அமர்ந்து கூட்டத்தை நடத்தினார் என்ற வரியைச் செயலர் தம் கைப்பட எழுத வேண்டும். இல்லையெனில் ஏன் இல்லை என்று எழுத வேண்டும். விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் கொடியேற்றியவர் பெயரை அவ்வாறே பதிய வேண்டும். தடை நேர்ந்தால் அன்றே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தவருக்கு, அவர் வேண்டினால், வேறு ஊராட்சிக்கு மாற்றம் கொடுக்க வேண்டும். அவர்மேல் யாரும் பொய்ப் புகார் கிளப்பினால் அதை ஒன்றிய அலுவலகம் விசாரிக்காமல், ஆட்சியரே விசாரிக்க வேண்டும். பொய்யாக எழுதியவர் கையெழுத்து அவருக்கே சான்றாக நிற்கும்; உண்மையை எழுதியவருக்கும் அதே ஏடு துணை நிற்கும். பணச் செலவில்லாத திருத்தம் இது. புத்தகத்தில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டால் போதும்.