கை நீட்டி வாங்கும் வாக்கியம்

சித்தூரில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வருகிறவரைக் கேட்டால், "ஐயர் நல்ல செய்தி கொடுத்தார்" என்பார். தெலுங்கு ஆராதனையிலிருந்து வருகிறவர், "வாக்யம் பாகா அந்திஞ்சாரு" என்பார்; வசனத்தை நன்றாக எடுத்துக் கையில் தந்தார் என்று பொருள். பந்தியில் எட்டாத பாத்திரத்தை எடுத்து நம் கையில் தருவார்களே, அதற்குச் சொல்லும் வினைச்சொல்தான் அந்திஞ்சுவது. செய்தி சும்மா இருந்தாலும் காதில் விழும். வாக்கியத்துக்குக் கை நீட்ட வேண்டும். வேதத்தைத் திறந்த மனதோடு ஏற்பதைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த ஒரு சொல்தான்.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்துக்கு வடக்கு எல்லையாக வேங்கட மலையைச் சொல்கிறது. அந்த எல்லையில் குடியிருப்பவர்கள் நாம். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது, 1953இல் ஆந்திரத்தோடு போனது, 1960இல் திருத்தணிப் பக்கம் மட்டும் பிரிந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. கோடு மாறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் மட்டும் யாராலும் கோடு போட முடியவில்லை. ஒரே அலமாரியில் தமிழ் வேதாகமமும் தெலுங்குப் பரிசுத்த கிரந்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம்.

வேதம் இந்தப் பக்கம் வந்தது ஒரே வழியில் அல்ல. வந்த ஒவ்வொரு மரபும், ஒருவர் அதை உண்மையில் ஏற்றுக்கொண்டாரா என்று பார்க்கத் தனக்கென்று ஓர் அளவுகோலைக் கையோடு கொண்டுவந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களின் கர்நாடக மிஷன் புங்கனூர்ப் பக்கம் வந்தபோது மக்கள் கையில் புத்தகம் இல்லை. கதையும் ஜெபமும் ஞான உபதேசமும் வாய்வழியாகவே சென்றன. லுத்தரன் மரபு வினாவிடையோடு வந்தது. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் ஷூல்ட்ஸ் 1726இல் சென்னைக்குப் போய், தெலுங்கிலும் வேதத்தை மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பு அச்சேறவில்லை. ஆனால் 1746இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய சிறிய தெலுங்கு வினாவிடை நூல் அச்சானது. தெலுங்கருக்கு வேதாகமம் வருமுன் வினாவிடை வந்துவிட்டது! 1860களில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் சூளூர்ப்பேட்டைப் பக்கம் இறங்கியது. அதன் வழிவந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபைக்குத் தலைமையிடம் இன்று திருப்பதி.

லுத்தர் 1529இல் சிறிய வினாவிடையை எழுதியதற்குக் காரணம் சாக்சனி கிராமங்களில் அவர் நேரில் கண்ட அறியாமை. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் அந்த நூல் அதன் பொருளைக் கேட்கும். பிள்ளை பதில் சொல்ல வேண்டும். திடப்படுத்தல் வகுப்பில் விழித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். மனப்பாடத்தை இன்று கேலி செய்கிறோம். திருப்பதியில் இருந்துகொண்டு எனக்கு அந்தக் கேலி வருவதில்லை. வேத பாடசாலைப் பிள்ளைகள் சுரம் பிசகாமல் காதால் வாங்கி வாயால் திருப்பிச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பொருள் புரியாமல் பத்து வயதில் நெஞ்சில் விழுந்த வசனம், நாற்பது வயதில் ஆஸ்பத்திரி வராந்தாவில் தானாக எழுந்து வந்ததை நான் அனுபவித்திருக்கிறேன். அதே சமயம், தப்பில்லாமல் ஒப்புவித்துவிட்டு வீட்டுக்குப் போய் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சித்தூர், வேலூர்ப் பக்கத்தை உழுதது வேறொரு ஏர். அமெரிக்க சீர்திருத்தச் சபையின் ஆர்க்காடு மிஷனை 1853இல் தொடங்கியவர்கள் ஸ்கடர் சகோதரர்கள். மூத்தவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தவர். அவருக்குத் தமிழ் பிள்ளைப் பருவத்திலேயே பழகிய மொழி. பள்ளிக்கூடம் கட்டுவதைவிடக் கிராமத்துக்குப் போய் மக்கள் மொழியில் பிரசங்கிப்பதே முதல் வேலை என்று தொடக்கத்தில் அந்த மிஷன் நினைத்தது. அவர்கள் மரபின் ஹைடல்பெர்க் வினாவிடை 1563இல் எழுதப்பட்டது. 129 கேள்விகளை 52 ஞாயிறுகளுக்குப் பங்கு பிரித்து, அந்தந்த வாரம் விளக்க வேண்டும். புரிந்ததா என்பதே அவர்கள் அளவுகோல். மதனப்பள்ளியில் டாக்டர் ஜேக்கப் சேம்பர்லின் தெலுங்கில் பேசினார், தெலுங்கு வேதாகமத் திருத்த வேலையிலும் இருந்தார். அவருடைய மருந்தகத்தில் முதலில் வேத வாசிப்பு, பிறகுதான் மருந்து. காய்ச்சலோடு காத்திருந்தவர்கள் எவ்வளவு திறந்த மனதோடு கேட்டிருப்பார்கள் என்று குறும்பாக யோசித்துப் பார்ப்பதுண்டு. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது ஆர்க்காட்டுச் சபைகள் அதில் சேர்ந்தன; லுத்தரன்கள் சேரவில்லை. அந்த வித்தியாசம் இன்றும் பிரசங்கத்தின் நீளத்தில் தெரிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லவில்லை.

புரிதல் என்று வரும்போது விதைக்கிறவன் உவமையைவிட நல்ல சோதனை கிடையாது. சாலில் ஒவ்வொரு வேர்க்கடலையாகப் போட்டுப் பழகிய விவசாயி, கேட்டதும் இப்படித்தான் கேட்பார்: "பாதையிலயும் பாறையிலயும் எவனாவது விதை போடுவானா?" கேள்வி நியாயமானது. கேழ்வரகைக் கையால் அள்ளித் தூவி விதைத்தவருக்கு விளக்கம் தேவையில்லை. காற்று எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று அவருக்குத் தெரியும். பாறைமேல் ஒரு சாண் மண் இருக்கும் நிலத்தை ராயலசீமைக்காரருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். முதல் மழைக்கு மற்ற நிலத்தைவிட அங்கேதான் பச்சை முந்திக்கொண்டு தெரியும். பத்து நாள் வெயில் அடித்தால் முதலில் சுருளுவதும் அங்கேதான். கூட்டத்தில் சீக்கிரம் கண்ணீர் விடுகிறவரைப் பார்த்து உடனே மகிழ்ந்துவிடாத பழைய உபதேசியார்கள் இருந்தார்கள். அவர்கள் இந்த மண்ணைப் பார்த்துத்தான் அந்த நிதானத்தைக் கற்றிருக்க வேண்டும்.

அந்த உபதேசியார்களின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சேரியிலும் மாலபள்ளியிலும் பகலெல்லாம் அடுத்தவர் நிலத்தில் உழைத்துவிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்தவர்கள். எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. வேதத்தைக் காதால் கேட்கவே அருகதை இல்லை என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டவர்கள், அதே பெயரில் ஒரு புத்தகம் தங்கள் தெருவில் உரக்க வாசிக்கப்படுவதைக் கேட்டார்கள். வடக்கே ஓங்கோல் பக்கம், பெரும் பஞ்சத்தை அடுத்து, 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மாதிகர். சோற்றுக்காக வந்தவர்கள் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். பசித்தவனுக்கு மனம் திறக்காது, வயிறு மட்டுமே திறக்கும் என்பது வயிறு நிறைந்தவர்களின் கணக்கு. அந்த மக்களின் வழிவந்தவர்கள் ஆசிரியர்களாகவும் நர்சுகளாகவும் இன்று வேதத்தைத் தாங்களே திறந்து வாசிக்கிறார்கள்.

சென்ற நூற்றாண்டில் இன்னொரு அலை வந்தது. பஞ்சாபைச் சேர்ந்த பக்த் சிங் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். மாணவராக இருந்தபோது கையில் கிடைத்த வேதாகமத்தின் தாள்களைக் கிழித்துவிட்டு, அழகான தோல் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டவர். பின்னர் கனடாவில் ஒரு நண்பரிடம் புதிய ஏற்பாட்டைக் கேட்டு வாங்கி, விடாமல் வாசித்து, 1932இல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்றார். 1941இல் சென்னையிலும், 1950இல் ஹைதராபாத் எப்ரோனிலும் அவர் தொடங்கிய சபைகளின் தாக்கம் நம் பக்கத்திலும் உண்டு. வினாவிடை இல்லை, ஒழுங்குமுறைப் புத்தகம் இல்லை, வேதம் மட்டுமே. வாசித்தது உன் வாழ்க்கையில் என்ன செய்தது, சாட்சி சொல் என்பது அவர்கள் அளவுகோல். இதில் எனக்கு மரியாதை அதிகம், தயக்கமும் உண்டு. சாட்சி பழகப் பழக மெருகேறிவிடுகிறது.

கத்தோலிக்கருக்கு 1965இல் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாட்டு ஏடு விவிலியத்தை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வெகு முன்பே, புராட்டஸ்டன்டுகள் பக்கம், திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் மௌனத்தையும் ஒரு வாசிப்பாக வைத்தது.

மனம் திறந்திருக்கிறதா என்பது பெரும்பாலும் புது மொழிபெயர்ப்பு வரும்போது வெளியே வந்துவிடும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஃபப்ரீசியஸ் பராபரன் என்று எழுதியதை 1871இல் வந்த போவர் குழுவின் வேதாகமம் தேவன் என்று மாற்றியது. 1995இன் திருவிவிலியம் கடவுள் என்கிறது. ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் தங்கள் ஆண்டவரை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதுபோல் வருந்தினார்கள். இருமொழி வீட்டில் அந்த அதிர்ச்சி தினசரி நடக்கும். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் நம் தமிழ் வேதாகமம் வார்த்தை என்னும் இடத்தில் திருவிவிலியம் வாக்கு என்கிறது, தெலுங்கு வாக்யமு என்கிறது. எது சரி என்று சண்டை போடலாம், மூன்றையும் பக்கத்தில் வைத்து உட்காரவும் செய்யலாம். அப்போஸ்தலர் நடபடிகளில் பெரோயா ஊர்க்காரர்கள் பவுலின் பேச்சை ஆவலோடு ஏற்றார்கள். ஏற்றுக்கொண்டே தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். திறந்த மனம் என்றால் கேள்வி கேட்காத மனம் என்று பிரசங்கிக்கிறவர்கள் அந்த அதிகாரத்தை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

புது வருஷ இரவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசீர்வாத வசனம் வந்தால் பத்திரமாகப் பர்ஸில் போகும். கண்டிக்கிற வசனம் எந்தப் பெட்டியிலும் இருப்பதில்லை; அட்டை அச்சடிக்கிறவர்கள் நம்மை நன்றாக அறிந்தவர்கள்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு வசனம் தமிழில், அடுத்த வசனம் தெலுங்கில் என்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மின்சாரம் போன இரவுகளில் சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நான் வேகமாக ஓட்டுவேன். இருட்டிலிருந்து அவர் குரல் வரும்: "மள்ளி சதுவு." மறுபடி வாசி என்று அர்த்தம். வயிறு முனக, எரிச்சலோடு, சிம்னி விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு நான் அதிகாரத்தின் முதல் வசனத்துக்குத் திரும்பிப் போவேன்.