பிளேக்கின் பாடல்களில் அன்பும் கள்ளமின்மையும் நம்பிக்கையும்

ஆங்கிலப் புனைவியல் கவிஞருள் முற்பட்டவராகிய வில்லியம் பிளேக் (1757–1827) ‘கள்ளமின்மைப் பாடல்கள்’ என்னும் நூலை 1789-இல் வெளியிட்டார். 1794-இல் ‘பட்டறிவுப் பாடல்க’ளை அதனோடு இணைத்து ஒரு நூலாக்கினார். முன்னவை நம்பிக்கையின் குரல், பின்னவை நம்பிக்கை இழந்த குரல் என்பார் உளர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதை, புகைபோக்கி துடைக்கும் சிறுவரைப் பற்றி இரு பகுதியிலும் அமைந்த பாடல்களைக் கொண்டு ஆராய்வோம்.

அக்கால இங்கிலாந்தில் வறியோர் மக்கள் மிக இளமையிலேயே இத்தொழிலுக்கு விற்கப்பட்டனர். 8 வயது நிரம்பாதோரைச் சேர்த்தல் கூடாதென 1788-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனினும் அது செவ்வனே நடைமுறைக்கு வரவில்லை. மறு ஆண்டே பிளேக்கின் முதற்பாடல் வெளிவந்தது.

அப்பாடலில், தலை மழிக்கப்பட்டு அழும் டாமை மற்றொரு சிறுவன் தேற்றுகிறான்: இனிக் கரி அவனது வெண்ணிற மயிரைக் கெடுக்காதாம். டாம் அமைதியுறுகிறான், அன்றிரவே, கரிய சவப்பெட்டிகளினின்று சிறுவரை வானவன் விடுவிப்பதாகக் கனவு காண்கிறான். இம்முறைவைப்பு நோக்கத்தக்கது. தோழனின் அன்புமொழி முன் நிற்க, நம்பிக்கை அதன்பின் பிறக்கிறது. நல்லவனாயிருந்தால் இறைவன் தந்தையாவான் என்னும் வானவன் கூற்றும், கடமை செய்வார்க்குத் தீங்கில்லை என்னும் இறுதி அறவுரையும் வேறு வகையின. இவை சிறுவன் உள்ளத்தில் முளைத்தவை அல்ல. பெரியோர் புகட்டியவை எனக் கொள்ளுதலே தகும்.

அங்ஙனமாயின் பாடல் முழுதும் எள்ளலே அன்றோ எனின், அன்று. அறவுரை எள்ளலுக்கு உரியதாகலாம். ஒரு சிறுவன் மற்றொருவனைத் தேற்றிய அன்பு எள்ளலுக்கு உரியதன்று. விடுதலை கனவில் மட்டுமே வாய்ப்பதையும், விடியுமுன் இருளில் தொழிலுக்கு எழுவதையும் கவிஞர் மறைத்திலர்.

இரண்டாம் பாடல் 12 அடிகளே உடையது. பனியில் நின்று அழும் சிறுவனின் பெற்றோர் கோயிலில் வழிபடுகின்றனர். அவன் ஆடிப்பாடுவதால், தாம் தீங்கிழைத்ததாக அவர்கள் கருதவில்லை. இங்கும் நம்பிக்கை உண்டு, அன்புதான் இல்லை. ‘அன்பின் தோட்டம்’ என்னும் பாடலிலும், முன்பு விளையாடிய பசும்புல் வெளியில் கதவடைத்த சிறுகோயில் எழுந்து நிற்கிறது.

‘கள்ளமின்மை’ என ஈண்டு ஆண்டதற்குக் காரணம் உண்டு. ‘அறியாமை’ என்பின் பொருள் பிறழும். தாய் இறந்ததையும் தந்தை விற்றதையும் முதற்பாடற் சிறுவன் அறிந்தே உரைக்கிறான். அறிந்தும் அவன் நெஞ்சம் வன்மை கொள்ளவில்லை. அவ்வன்மையின்மையே கள்ளமின்மை.

ஆகவே இவ்விரு பகுதியும் நம்பிக்கையையும் நம்பிக்கையின்மையையும் எதிர்நிறுத்துவன அல்ல. அன்பிற் பிறந்த நம்பிக்கையையும் அன்பைக் கைவிட்ட நம்பிக்கையையும் எதிர்நிறுத்துவன என்பதே இக்கட்டுரையின் துணிபு.