அறத்தொடு நின்ற தோழி

பத்துப்பாட்டுள் எட்டாவதாக எண்ணப்படும் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் இயன்றது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவித்தற்பொருட்டுக் கபிலர் இதனைப் பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. இதனைப் பயிலும் மாணவர் பலர் இதன்கண் அமைந்த 99 பூக்களின் பெயர்களை எண்ணிக் களிப்பதோடு அமைந்துவிடுகின்றனர். பூக்களை எண்ணியவர், அவற்றைப் பறித்துக் குவித்த பெண்ணின் மனநிலையை எண்ணுதல் அரிது. பெற்றோர் வகுத்த வழியினின்று விலகி நடக்கும் இளையோரிடம் மூத்தோர் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்னும் வினாவுக்கு இப்பாட்டு ஒரு விடை தருகின்றது என்பதே எம் துணிபு.

பாட்டின் நிலைக்களத்தை முதற்கண் நோக்குவாம். தலைவி மெலிகின்றாள், எவரிடமும் பேசாள். செவிலி அதனை நோயென்று கருதி, அறிந்தோரை வினவுகின்றாள். பூவும் புகையும் கொண்டு பல தெய்வங்களைப் பரவுகின்றாள். காரணம் மட்டும் அவளுக்குப் புலப்படவில்லை. இஃது அன்றைய செவிலிக்கு மட்டும் உரிய பிழை அன்று. இளையோரின் மௌனத்தை நோய் என்றோ, திமிர் என்றோ, தீய நட்பின் விளைவு என்றோ பெயரிட்டு, பெயரிட்டதனாலேயே அறிந்துவிட்டதாக அமைதி கொள்ளும் மூத்தோர் எக்காலத்தும் உளர்.

இந்நிலையில் தோழி பேசத் தொடங்குகின்றாள். செவிலியை வாழ்த்தி, ‘நீயும் வருந்துகின்றாய்’ என்று அவள் துயரை ஏற்றுக்கொண்ட பின்னரே தலைவியின் துயரை எடுத்துரைக்கின்றாள். சினவாது கேட்குமாறு வேண்டுகின்றாள். பகைகொண்ட பெருவேந்தர் இருவரைச் சந்துசெய்விக்க இடையே நிற்கும் சான்றோர்க்குத் தன்னை ஒப்பிடுகின்றாள். இவ்வுவமையே பாட்டின் உயிர்நிலை என்பேம். சந்துசெய்விப்போர் ஒரு வேந்தனின் ஒற்றராயின் மற்றவன் அவரை நம்பான். தோழி தலைவியைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. செவிலியை இழித்துரைக்கவும் இல்லை.

அடுத்து, தலைவியின் சொல்லை அவள் எடுத்துக்காட்டும் இடம் கருதத்தக்கது. முத்தும் மணியும் பொன்னும் கொண்டு செய்த அணி கெட்டால் மீண்டும் இயற்றலாம். சால்பு குன்றினால் அதனை மீட்டல் பெரியோர்க்கும் எளிதன்று என்று தலைவியே உணர்ந்திருக்கின்றாள். அறத்தை அறியாமல் அவள் வழி விலகவில்லை; அறத்தை எண்ணி எண்ணியே மெலிகின்றாள். இளையோருக்கு நல்லது தீயது தெரியாது என்று கொண்டு அறிவுரையைத் தொடங்குவோர் இவ்விடத்தை ஒருமுறை நின்று படித்தல் நலம்.

தோழியின் கூற்று வெறும் சூழ்ச்சி எனக் கூறுவாரும் உளராகலாம். யானை வந்தது, ஆற்றுவெள்ளம் அலைத்தது, தலைவன் காத்தான் என்று அவள் நிகழ்ச்சிகளைத் தலைவிக்கு ஏற்றவாறு அடுக்குகின்றாள் என்பது அவர் கருத்து. தினைப்புனம் காத்துப் பொழுது சாய்வதற்குள் திரும்புமாறு தங்களை விடுத்தவள் செவிலியே என்பதையும் மெல்ல நினைவூட்டுகின்றாள். சொல்லை அடுக்கும் திறன் உண்டு, மறுத்தற்கில்லை. எனினும் அவள் மறைத்தவற்றை வெளியிடவே பேசுகின்றாள். அறத்தொடு நிற்றலை எழுவகையாகத் தொகுத்த தொல்காப்பியர் உண்மை செப்பும் கிளவியை இறுதியில் வைத்தமை ஈண்டு நினையத்தக்கது. கேட்பவர் உள்ளத்தைப் பக்குவப்படுத்தி உண்மையை உரைத்தல் வேறு, பொய்யுரைத்தல் வேறு.

தினைப்புனக் காவலை ஏட்டில் மட்டும் கண்டவர், இறக்காமம், அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய கீழைக்கரை ஊர்களின் நெல்வயல்களை நினைத்தால் பாட்டு அண்மையில் வந்துவிடும். இவ்வட்டாரத்து முஸ்லிம் மக்களிடையே வழங்கும் ‘கவி’ என்னும் நாட்டுப்பாடல்களில் மச்சானும் மச்சியும் ஒருவரோடொருவர் நேரே பேசுவர். ஆயின் உம்மாவின் கவலையையும் நாம் மறத்தலாகாது. மணமான பின் மகன் மனைவியின் வீடு செல்ல, தாய் வீடு மகளுக்கு உரியதாகும் வழக்கம் அங்கே உண்டு. மகளின் தெரிவோடு தாயின் வீடும் முதுமையும் பிணைந்துள்ளன. எனவே உம்மாவின் சினத்துள் அச்சம் இருக்கின்றது. அவ்வச்சத்தைப் பழிப்பவர் மகளுக்கும் உதவியவர் ஆகார்.

1904ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலார் ஸ்டான்லி ஹால் இப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்ததென விரித்தெழுதினார். 1928இல் மார்கரெட் மீட், சமோவாத் தீவில் அது எளிதாகக் கழிகின்றது என எழுதி அக்கருத்தை மறுத்தார். அவர் முடிபும் பின்னர்க் கடிந்துரைக்கப்பட்டது. புயல் எத்துணைப் பெரிதாயினும், இடையே நிற்பார் ஒருவர் வேண்டும் என்பது கபிலர் காட்டும் நெறி.

இளவயது மணம் அக்கால வழக்கு. இக்காலம் அதனை விலக்கியமை முறையே. நாம் கொள்ளத்தக்கது தோழி நின்ற நிலை. பள்ளியை வெறுக்கும் மாணவன், வீட்டார் தேர்ந்த பாடத்தை மறுக்கும் மாணவி ஆகியோர்க்கும் பெற்றோர்க்கும் இடையே அந்நிலையில் நிற்கத்தக்கவர் ஆசிரியரே. அவர் பெற்றோரின் ஒற்றராக மாறின் மாணவன் வாய் மூடுவான். மாணவனின் புகழ்பாடியாக மாறின் பெற்றோர் செவி மூடுவர்.

குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழியின் கூற்றே. தலைவன் வரும் இரவு வழியின் இடர்களை எண்ணித் தலைவி கண்ணீர் சொரிகின்றாள் என்ற அளவில் அது முடிகின்றது. செவிலி என்ன மறுமொழி கூறினாள் என்பதைக் கபிலர் உரைக்கவில்லை. ஆயினும் 261 அடிகள் முடியுமளவும் அவள் இடைமறியாது கேட்டிருந்தாள்.