பசை இழுக்கும் பதம்

மாணவர் ரோபோ போட்டிக்குப் போனால் எல்லார் கண்ணும் இயந்திரங்கள் மேல்தான். என் கண் தேடுவது களத்தின் ஓரத்தில், கிழிந்தவற்றைத் தைத்தும் ஒட்டியும் கொடுக்கும் தன்னார்வலரின் சின்ன மேசையை. 2024-இல், இத்தகைய போட்டிகளை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பின் ‘கிரெஷெண்டோ’ ஆட்டத்தில் ரோபோக்கள் வாரி எடுத்து வீசியவை ஆரஞ்சு நிற நுரை வளையங்கள். 14 அங்குல அகலம், 2 அங்குலத் தடிமன். அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெல்ல நிமிரும். ஆட்டம் இரண்டரை நிமிடம்தான். அதற்குள் சுழலும் உருளைகள் அவற்றைக் கடித்துக் குதறிவிடும்.

அடிபட்ட வளையம் கைக்கு வந்ததும் அந்தத் தன்னார்வலர் பசையை எடுப்பதில்லை. விரல்களால் ஒரு சுற்றுத் தடவுகிறார். கண்ணுக்குத் தப்பிய கீறலும் விரலுக்குத் தப்பாது. துருத்தும் நுரைத் துணுக்குகளைக் கத்தரிக்கிறார், ‘நறுக் நறுக்’கென்று சின்னச் சத்தம். பிளவின் இரு பக்கமும் பசையை மெல்லிசாகப் பூசிவிட்டுக் காத்திருக்கிறார். வெல்லப்பாகுக்குப் பார்ப்பதுபோல இதற்கும் பதம் உண்டு: விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இழுக்க வேண்டும். அப்போதுதான் அழுத்துகிறார். பசை கூடினால் அந்த இடம் கட்டிதட்டி, வளையம் பறக்கும் பாதையே மாறிவிடும். கடைசியில் இரு கைகளாலும் வளைத்துப் பார்க்கிறார். பிளவு வாய் திறக்கவில்லை. பயிற்சிக் களத்தில் காத்திருக்கும் ஒரு மாணவியிடம் அதை நீட்டுகிறார். அவள் ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடுகிறாள். விரலுக்கு அது அகப்படவே இல்லை.