காற்றை நுகரும் வேட்டை

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் செம்மானைத் துப்பாக்கியுடன் தேடிச் செல்லும் 'ஸ்டாக்கிங்', அதாவது மானின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாமல் ஊர்ந்து நெருங்கும் வேட்டை, தன் அழகைக் காற்றின் நிலையாமையிலிருந்தே பெறுகிறது. பனியாறு கிண்ணம்போல் குடைந்த 'கோரி' என்னும் மலைக்குழிவுகளில் காற்று பாறைச்சுவரில் மோதிச் சுழன்று திரும்புவதால், வழிகாட்டும் ஸ்டாக்கர் புல் நுனியைக் கிள்ளிப் பறக்கவிட்டு, அது சாயும் திசையைக் கண்டு, மீண்டும் கிள்ளிப் பறக்கவிட்டு, செடிகொடிகள் மட்கிய ஈரநிலமாகிய 'பீட்' உடையை நனைக்க, ஹெதர் புதர் முழங்கையில் சொரசொரக்க, அங்குலம் அங்குலமாக நகர்கிறார். குறிபார்க்கும் திறனைவிட அந்தப் பொறுமையே உயர்ந்தது எனலாம்.

காலடியிலிருந்து ஒரு கிரவுஸ் பறவை படபடத்து எழுந்தாலோ, விழிப்புடன் நிற்கும் முதிய பெண்மான் கரகரத்த குரலில் ஒருமுறை குரைத்தாலோ, நெடுநேர ஊர்தல் கணத்தில் கலைந்து மந்தை முகட்டைத் தாண்டிவிடுகிறது. அடுத்த குழிவின் காற்றை ஸ்டாக்கர் முதலிலிருந்து கணிக்கத் தொடங்குகிறார்.