ரசிகனின் கத்தரிக்கோல்

1

படம் பார்த்துவிட்டு வருகிறவனிடம் 'படத்துல யாருப்பா நிக்கிறா?' என்று கேட்பது டீக்கடை வழக்கம். கதை, எடுத்த விதம் எல்லாம் அப்புறம். ஒரு பாத்திரம் மனசில் நின்றுவிட்டால் படம் பிழைத்துக்கொள்ளும். ரசிகப் பேச்சு பெரும்பாலும் இந்த 'நிற்றல்' பற்றிய பேச்சுதான். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் இதை வெறும் அரட்டை என்று ஒதுக்கியே பழகிவிட்டோம். ஆனால் எந்தப் பாத்திரம், யாருடைய மனசில், எதன் பலத்தில் நிற்கிறது என்பது அதிகாரம் தொடர்பான கேள்வி.

மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023) பார்த்த நண்பர்களிடம் இதையே கேட்டுப் பார்த்தேன். 'ரத்னவேலுதான். மனுசன் கண்ணாலேயே மிரட்டிட்டான்' என்றார்கள் சிலர். திக்கென்றது. எவனைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காகப் படம் எடுக்கப்பட்டதோ அவனே மனசில் நிற்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

2

பதில் தேட 1992க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு வந்த 'தேவர் மகன்' பற்றி ரசிகர்கள் இன்றும் சலிக்காமல் பேசுகிறார்கள். சிவாஜியின் பெரிய தேவர், கமலின் சக்தி, நாசரின் மாயன் எல்லோரும் நிற்கிறார்கள். வடிவேலு நடித்த இசக்கி? அவன் பெரிய வீட்டு வேலையாள். சின்ன எஜமான் பேச்சைக் கேட்டுப் பூட்டிக் கிடந்த கோயிலைத் திறந்துவிடுகிறான். வெட்டு சொன்னவன் மேல் விழவில்லை. செய்தவன் கை போகிறது. கை போன பிறகும் அவன் வேடிக்கை பேசுகிறான். அரங்கம் சிரிக்கிறது (நானும் சிரித்தேன்). கதை நகர அந்தக் கை ஒரு காரணம், அவ்வளவே. கதையாடல் பங்காளிப் பகையை நோக்கிப் போய்விடுகிறது.

அதன்பின் வடிவேலுவின் உடம்பு என்ன ஆயிற்று? 'பிரண்ட்ஸ்' (2001) படத்துக் காண்ட்ராக்டர் நேசமணியாகட்டும், 'வின்னர்' (2003) படத்துக் கைப்புள்ளயாகட்டும், அடிபடுகிற உடம்பாகவே அது நம் பொதுப் பேச்சுக்குள் நுழைந்தது. 2019இல் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணிக்காக ஊர் உலகமெல்லாம் பிரார்த்தனை செய்து சிரித்தது. வடிவேலு நமக்கு ஒரு மொழியாகவே ஆகிவிட்டார் என்பது உண்மை. அந்த மொழியின் இலக்கணம் அடி என்பதும் உண்மை.

3

மாரி செல்வராஜும் 'தேவர் மகன்' பார்த்த ஒருவர்தான். அந்தப் படத்தை விமர்சித்துக் கமலுக்கு முன்பே கடிதம் எழுதியவர். 2023 ஜூனில் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில், கமல் உட்கார்ந்திருக்கும்போதே, அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்றார். யோசித்துப் பார்த்தால் இதுவும் ரசிக வேலைதான். தன்னைத் தொந்தரவு செய்த படத்திலிருந்து ஒரு பாத்திரத்தைக் கத்தரித்தெடுத்து, 31 ஆண்டு கழித்து வேறு சட்டகத்தில் ஒட்டுகிற வேலை.

புதிய சட்டகத்தில் மாமன்னன் சட்டமன்ற உறுப்பினர். ஆனாலும் ரத்னவேலு முன்னால் உட்கார முடியாமல் நிற்கிறார். மகன் அதிவீரன் அப்பாவை உட்காரச் சொல்கிறான். படத்தின் மையமே இந்த நாற்காலிதான். முடிவில் மாமன்னன் சபாநாயகர் ஆகிறார். (2012 முதல் 2021 வரை சட்டமன்றத்தில் பி. தனபால் அமர்ந்திருந்த இருக்கையைப் பலரும் நினைத்துக்கொண்டார்கள்.) நிற்கவைக்கப்பட்ட ஒருவர் உட்காருவதற்காக எடுத்த படம் இது.

4

2023 ஜூலைக் கடைசியில் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் கத்தரிக்கோல் வேறு ரசிகர்கள் கைக்குப் போனது. ரத்னவேலு நடப்பதையும் முறைப்பதையும் மட்டும் வெட்டியெடுத்து, பின்னணியில் சாதிப் பாட்டை ஒட்டிச் செல்போன்களில் சுற்றவிட்டார்கள். இதைச் செய்தது ஒரே சாதிக்காரர்கள் இல்லை. வெவ்வேறு ஆதிக்கச் சாதி இளைஞர்கள் அதே முகத்தின் மேல் அவரவர் பாட்டை ஒட்டினார்கள். படம் ரத்னவேலுவின் சாதியைப் பெயர் சொல்லிச் சுட்டுவதில்லை. அந்த வெற்றிடம் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. அவன் எந்தச் சாதி என்பதில்தான் போட்டி. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. பந்தயத்தில் தோற்ற தன் நாயை அடித்தே கொல்கிறவன் ரத்னவேலு. தேர்தலில் தோற்கிறவனும் அவனே. துண்டுகளில் அவன் தோற்பதே இல்லை.

'நடிப்பைத்தானே சார் ரசிக்கிறோம்?' என்பார்கள். ஃபகத் ஃபாசில் அசாதாரணமான நடிகர், ஒத்துக்கொள்கிறேன். குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறார். நடிப்பை ரசிக்கச் சாதிப் பாட்டு எதற்கு?

பழி முழுவதையும் ரசிகன் தலையில் கட்டவும் முடியாது. அண்மைக் காட்சி, மெதுவாக்கப்பட்ட நடை, எழும்பி வரும் இசை இவையெல்லாம் ஆண்டைகளை வணங்குவதற்கென்றே நம் சினிமா பழக்கி வைத்திருக்கும் இலக்கணம். அதே இலக்கணத்தில் வில்லனையும் எழுதினால், கதை அவனைத் தண்டிக்கும்போதே பிம்பம் அவனை வணங்கிக்கொண்டிருக்கும். இது மாரி செல்வராஜுக்கான கேள்வி. அவரோடு நிற்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

5

கடைசியாக நம் கணக்கு. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலான் பார்த் 1967இல் அறிவித்ததைத் தொண்ணூறுகளில் தமிழில் கொண்டாடினோம். பிரதிக்கு ஒற்றை அர்த்தம் இல்லை, வாசகன் சுதந்திரமானவன் என்றோம். தப்பில்லை. ஆசிரியனின் அதிகாரத்தை உடைக்க அது உதவியது. ஆனால் ஆசிரியன் எழுந்துபோன நாற்காலியில் வந்து உட்காருகிற வாசகன் யார், அவன் எங்கிருந்து வருகிறான் என்று அழுத்திக் கேட்கவில்லை. வாசகனுக்கும் சாதி உண்டு. ரத்னவேலு துண்டுகள் அதைத்தான் சொல்கின்றன.

மாரி செல்வராஜ் வெட்டியதும் துண்டு, சாதிப் பாட்டோடு சுற்றியதும் துண்டு. இரண்டுமே சுதந்திர வாசிப்புகள். முதலாவது, சட்டகத்தின் ஓரத்தில் கையிழந்து கிடந்தவனைத் தேடிப் போனது. இரண்டாவது, ஏற்கனவே வெளிச்சத்தில் இருந்த முகத்துக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் அடித்தது. இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத கோட்பாடு நமக்கு எதற்கு?

அடுத்த தடவை டீக்கடையில் 'யாருப்பா நிக்கிறா?' என்ற பேச்சு வந்தால், கூடவே இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டியதுதான்: 'யாரை நிக்க வச்சிருக்காங்க?'