பிறர் தாளில் பதிந்த முத்திரைகள்

பிரித்தானிய நூலகத்தின் தென்கிழக்காசியப் பிரிவுக்குப் பொறுப்பாகப் பணியாற்றி வந்தவர் அனபெல் தே கேலப். 2002இல் லண்டனில் மலாய் முத்திரை வாசகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு விரிந்து, 2019இல் ‘தென்கிழக்காசிய இஸ்லாமிய உலகின் மலாய் முத்திரைகள்’ என்ற பெரும் பட்டியல் நூலாக வெளிவந்தது. அதில் 2,168 முத்திரைகள் உள்ளன. 70க்கு மேற்பட்ட நிறுவனங்களிலும் 60 அளவான தனியார் சேகரிப்புகளிலும் சிதறிக் கிடந்தவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார். காலம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. ஒவ்வொன்றும் ஒரு காசளவு, மிஞ்சினால் உள்ளங்கையளவு.

பட்டியல் நூல்தானே, யார் வாசிப்பது என்று தள்ளிவைக்க வேண்டாம். முத்திரையை எழுத்து என்றும் எடுத்துக்கொண்டு, எழுத்தெண்ணி வாசித்திருக்கிறார். பெயர், தகப்பன் பெயர், பட்டம், ஹிஜ்ரி ஆண்டு, ஒரு துஆ, சிலவற்றில் காவலுக்கென்று பொறித்த சொற்கள் – இத்தனையும் ஒரு வட்டத்துக்குள் எப்படி அடங்கின என்று காட்டுகிறார். அச்சை விளக்குச் சுவாலையில் காட்டிப் புகைக்கரி பிடிக்கவைத்து, ஈரப்படுத்திய தாளில் அழுத்துவார்கள். கடிதத்தில் முத்திரை எந்த இடத்தில் விழுகிறது என்பதே அனுப்புகிறவர், பெறுகிறவர் தராதரத்தைச் சொல்லிவிடும். நம்முடைய பழைய கலியாணக் கடுதாசிகளில் யார் பெயர் முந்தி, யார் பெயர் பிந்தி என்று பெரியவர்கள் சண்டை பிடித்ததை நினைத்தால் இது விளங்காமல் போகாது.

மலாயில் முத்திரைக்கு ‘சாப்’ என்றும் ‘மொகர்’ என்றும் சொல்கிறார்கள். பழைய தமிழில் ‘சாப்பா’ என்றால் நமக்கும் முத்திரைதான். ‘மெத்தராய்’ என்று இன்னொரு மலாய்ச் சொல்லும் உண்டு. அது நம் ‘முத்திரை’யே கடல் கடந்து போனது என்பது சொல்லாய்வாளர் கருத்து. மலாய்த் துறைமுகங்களில் எங்கட மரைக்காயர்மார் நடந்த தடம் அந்த ஒரு சொல்லில் கிடக்கிறது.

நூலில் ஒரு குறை எனக்குப் படுகிறது. அரபு எழுத்துள்ள முத்திரை என்பதே அவருடைய வரம்பு. ஆய்வுக்கு வரம்பு வேண்டும், சரி. ஆனால் கும்பனிக்காரனுக்குக் கடிதம் எழுதியவர்களுடைய முத்திரைதான் லண்டனிலும் லைடனிலும் பத்திரமாக இருக்கிறது. அதனால் சுல்தான்களும் பிரதானிகளும் நிறைய வருகிறார்கள். சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்தவன் குறைவாகவே தலைகாட்டுகிறான். இது அவருடைய பிழையில்லை; காகிதத்தைக் காப்பாற்றி வைத்த கைகள் செய்த தெரிவு.

ஆனாலும் அவர் வேலை செய்த முறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உலோக அச்சுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. எஞ்சியவை பதிவுகள், அதுவும் அச்சுக்குச் சொந்தக்காரனிடம் இல்லை, கடிதத்தைப் பெற்றவனிடம். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் மோதிரம் உஸ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்து அரீஸ் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்காமல் போனது நாம் அறிந்த செய்திதான். அந்த மோதிரத்தில் மூன்று வரியில் என்ன பொறித்திருந்தது என்பது மட்டும் உம்மத்துக்கு மறக்கவில்லை.

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. ஒல்லாந்தர் 1767இல் கோவா நாட்டு அரசரை இங்கே நாடுகடத்தினார்கள். அவர் மனைவி சித்தி ஹபீபா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து பத்தாவியாவுக்கு எழுதிய கடிதம் இன்று லைடனில் இருக்கிறது. இங்கே வைத்திருந்தால் கறையான் தின்றிருக்கும். இலங்கை மலாயரின் ஏடுகளை பி. ஏ. ஹுஸைன்மியா வீடு வீடாகத் தேடியிருக்காவிட்டால், பின்னால் ரொனித் ரிச்சி போன்றோருக்குத் தொடங்க இடம் இருந்திராது. அந்த ஏடுகள் சிலவற்றில் மலாயும் அரபும் அரபுத் தமிழும் ஒரே கட்டுக்குள் கிடக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அரபும் வாசிக்கத் தெரியும், தமிழும் தெரியும். அரபுத் தமிழை நீட்டினால் முழிக்கிறார்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ‘யாழ்ப்பாண முஸ்லிம்கள் வரலாறும் பண்பாடும்’ என்று எம். எஸ். அப்துல் றஹீம் 1979இல் ஒரு நூல் எழுதினார். பதினொரு வருஷம் கழித்து, 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் சோனகத்தெரு காலியானது. கிதாபு, குடும்பக் கொப்பி, பள்ளிக் கணக்கு, கடை முத்திரை – யார் எதைத் தூக்கிக்கொண்டு போவது? அதற்குப் பிறகு யாழ்ப்பாண முஸ்லிம்களின் ஆவணம் என்று பேச்செடுத்தாலே “எல்லாம் போயிட்டுது” என்பதோடு கதை முடிகிறது. நினைவுமலர்களில் வரும் கட்டுரைகளும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன.

போனது அச்சு. பதிவுகளை நாம் இன்னும் தேடத் தொடங்கவில்லை. இரும்புக்கடையில் வாங்கிய பூட்டுக்கும் ஆணிக்கும் சீல் குத்திக் கொடுத்த பில், அயல் கிராமங்களில் யாருடைய அலுமாரியிலோ கிடக்கக்கூடும். தையற்கடைத் துண்டும் அப்படித்தான். காயல்பட்டினத்துக்கும் கொழும்புக்கும் எழுதிய கடுதாசிகள் பெற்றவர்களிடம் தேடப்பட வேண்டியவை. ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகளையும் ஒரு தரம் எங்கட கண்ணால் புரட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காணி உறுதிகள். நம்முடைய உறுதியைச் சொல்லவில்லை, அயலவருடையதை. நொத்தாரிசு நான்கு எல்லையும் எழுதாமல் உறுதி முடிக்கமாட்டார். சோனகத்தெருவைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளின் பெட்டகங்களில் இருக்கும் உறுதிகளில் வடக்கெல்லை, மேற்கெல்லை என்று எத்தனை உம்மாமார், வாப்பாமார் பெயர் எழுதியிருக்கும்! கேட்டால் காட்ட மாட்டோம் என்பார்களா, தெரியாது. முதலில் கதவைத் தட்டிக் கேட்பதற்கு ஆள் வேண்டும்.